38,16,54,729: பென்சிலும் தாளும் கொண்டு ஓர் எண்ணைத் தேடிப் பிடிக்கும் முழு வழிகாட்டி

முப்பத்தெட்டுக் கோடியே பதினாறு இலட்சத்து ஐம்பத்து நான்காயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது என்ற எண்ணில் 1 முதல் 9 வரையுள்ள இலக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வருகின்றன. இடப்பக்கத்திலிருந்து முதல் இரண்டு இலக்கங்களை எடுத்தால் 38. அது 2 ஆல் வகுபடும். முதல் மூன்றை எடுத்தால் 381. அது 3 ஆல் வகுபடும். நான்கை எடுத்தால் 3816. அது 4 ஆல் வகுபடும். ஒன்பது இலக்கங்களையும் எடுத்து 9 ஆல் வகுக்கும் வரை இது தவறாமல் தொடர்கிறது. இந்த ஒன்பது இலக்கங்களை வேறு எந்த வரிசையில் அடுக்கினாலும் இதே தன்மையுள்ள எண் கிடைக்காது.

விடையை முதலிலேயே சொல்லிவிட்டதால் இனிக் கவனம் முழுவதும் வழியின் மீது இருக்கலாம். சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுடன் அமர்ந்து இந்த எண்ணைப் பலமுறை தேடியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒரே இடங்கள்தாம். அவற்றை மனத்தில் வைத்தே படிகளின் வரிசையை அமைத்திருக்கிறேன்.

1. தொடங்கும் முன் தேவையானவை

கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், அழிப்பான், ஒன்பது சிறிய அட்டைகள் ஆகியவை போதும். பழைய திருமண அழைப்பிதழை வெட்டினால் கனமான அட்டைகள் கிடைக்கும். ஒவ்வோர் அட்டையிலும் ஓர் இலக்கத்தை எழுதி, 6, 9 ஆகிய இரண்டின் அடியிலும் மறக்காமல் ஒரு கோடு இடவும். மாடிக் காற்றில் அட்டை திரும்பி விழ, ஒரு மாணவி இரண்டு 9 களை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் தேடியதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கோடு எங்களிடம் வழக்கமானது.

வகுபடும் தன்மை விதிகள் கைவசம் இருக்க வேண்டும். கடைசி இலக்கம் இரட்டையாக இருந்தால் எண் 2 ஆல் வகுபடும். இலக்கங்களின் கூடுதல் 3 ஆல் வகுபட்டால் எண்ணும் 3 ஆல் வகுபடும். 9 க்கும் அப்படியே. கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்து 4 ஐயும், கடைசி மூன்றைப் பார்த்து 8 ஐயும் தீர்மானிக்கலாம். கடைசியில் 0 அல்லது 5 இருந்தால் 5 ஆல் வகுபடும். 2, 3 இரண்டாலும் வகுபடுவது 6 ஆலும் வகுபடும். 7 க்கு இவ்வளவு எளிய விதி இல்லை. அதற்கு உரிய இடத்தில் ஒரு வழி சொல்கிறேன்.

கணிப்பானைக் கடைசிப் படிவரை மூடி வைக்கவும். அது ஓர் எண் வகுபடுகிறதா என்பதை மட்டும் சொல்லும். அடுத்து எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று சொல்லாது. இந்தக் கணக்கின் வேலை முழுவதும் இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

காற்புள்ளிகளையும் விட்டுவிடவும். 38,16,54,729 என்று கோடி, இலட்சம், ஆயிரமாகப் பிரிப்பது வாசிப்பதற்கு உதவும். கணக்கின்போது அதே காற்புள்ளி ஆறாம் படியில் குழப்பத்தை உண்டாக்கும்.

2. நிபந்தனையைப் பிழையின்றி எழுதிக்கொள்ளுதல்

நோட்டில் வரிசையாக ஒன்பது கட்டங்கள் வரைந்து, மேலே 1 முதல் 9 வரை இட எண்களை எழுதவும். இடப்பக்கத்திலிருந்து வெட்டி எடுக்கும் பகுதியை இங்கே முன்துண்டு என்று குறிப்பிடுகிறேன். நான்காம் முன்துண்டு என்றால் முதல் நான்கு கட்டங்களையும் சேர்த்து வாசித்த எண். நிபந்தனை இதுதான்: ஒவ்வொரு முன்துண்டும் அதில் எத்தனை இலக்கங்கள் உள்ளனவோ அந்த எண்ணால் மீதியின்றி வகுபட வேண்டும்.

இங்கேயே இரண்டு தவறுகள் நேர்கின்றன. நான்காம் இடத்தில் உள்ள இலக்கம் 4 ஆல் வகுபட்டால் போதும் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சிலர் வலப்பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டையும் தவிர்க்க, தேடத் தொடங்கும் முன் தெரிந்த இரண்டு எண்களைச் சோதித்துப் பார்க்கச் சொல்வேன்.

முதலில் 123456789. இதில் 12 உம் 123 உம் பொருந்துகின்றன. 1234 ஐ 4 ஆல் வகுத்தால் மீதி 2 வருவதால் நான்காம் படியிலேயே எண் விழுந்துவிடுகிறது. அடுத்து 987654321. இது 98, 987, 9876, 98765, 987654 என்று ஆறு வரை தளராமல் வருகிறது. 9876543 ஐ 7 ஆல் வகுக்கும்போது மீதி 5 வந்து தவறுகிறது. வியப்பு என்னவென்றால், 98765432 என்பது 8 ஆலும் 987654321 என்பது 9 ஆலும் சரியாக வகுபடுகின்றன. ஏழு ஒன்று மட்டுமே இந்த எண்ணைத் தடுத்து நிறுத்துகிறது. இதைத் தாமே கண்டுபிடித்த பிள்ளைக்கு நிபந்தனை புரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

3. ஐந்தாம் இடத்திலிருந்து தொடங்குதல்

ஏறக்குறைய எல்லோரும் முதல் கட்டத்தில் ஏதோ ஓர் இலக்கத்தை வைத்துவிட்டு வலப்பக்கம் நகரத் தொடங்குகிறார்கள். எழுதும் பழக்கத்தால் வருவது இது. ஆனால் எந்த எண்ணும் 1 ஆல் வகுபடும் என்பதால் முதல் கட்டத்துக்கு என்று தனிக் கட்டுப்பாடே இல்லை. கட்டுப்பாடு இல்லாத இடத்தில் தொடங்கினால் ஊகிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

ஒன்பது இலக்கங்களை 3,62,880 வகைகளில் அடுக்கலாம். இவ்வளவையும் சோதிக்க முடியாது. ஆகவே தேர்வு மிகவும் குறைந்த இடத்தை முதலில் நாட வேண்டும். ஐந்தாம் முன்துண்டு 5 ஆல் வகுபட வேண்டுமானால் அதன் கடைசி இலக்கம் 0 அல்லது 5. நம்மிடம் 0 இல்லை. எனவே ஐந்தாம் கட்டத்தில் 5. அந்த அட்டையை அங்கேயே வைத்துவிடலாம்.

4. இரட்டை இடங்களையும் ஒற்றை இடங்களையும் பிரித்தல்

இரண்டு, நான்கு, ஆறு, எட்டு ஆகிய முன்துண்டுகள் இரட்டை எண்களால் வகுபட வேண்டியவை. எனவே அவற்றின் கடைசி இலக்கங்களும் இரட்டையாக இருக்க வேண்டும். இடங்கள் நான்கு, நம்மிடம் உள்ள இரட்டை இலக்கங்களும் 2, 4, 6, 8 என்று நான்கே. ஒன்றுகூட மிஞ்சாமல் அவை அந்த இடங்களை நிரப்பிவிடுகின்றன. மீதமுள்ள 1, 3, 7, 9 ஆகிய இலக்கங்கள் முதல், மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் கட்டங்களுக்குப் போகின்றன.

இலக்கங்களும் இட எண்களும் ஒன்றாக அமைந்துவிட்டதால் முதல் இடத்தில் 1, மூன்றாம் இடத்தில் 3 என்று வைக்கத் தோன்றும். அப்படி எந்த விதியும் இல்லை. நான்கு இரட்டை இலக்கங்களை 24 வகைகளிலும், நான்கு ஒற்றை இலக்கங்களை 24 வகைகளிலும் அடுக்கலாம் என்பதால், பெருக்கினால் 576 வரிசைகள் மிஞ்சுகின்றன. மூன்றரை இலட்சத்துக்கு மேலிருந்து 576 க்கு வந்துவிட்டோம். இதுவரை ஒரு வகுத்தல்கூடச் செய்யவில்லை.

அடுத்ததாக இரட்டை இலக்கங்களை முடித்துவிட்டுப் பிறகே ஒற்றையைத் தொட வேண்டும். எங்கள் தெருவில் தறி இருக்கும் வீட்டுப் பையன் ஒருவன் இதைக் கேட்டதும், பாவு பூட்டிய பிறகுதானே ஊடை ஓட்ட முடியும் என்றான். சரியான ஒப்புமை. இரட்டை இலக்கங்களுக்கான கட்டுப்பாடுகள் பெரும்பாலும் தம்மளவிலேயே முடிவாகிவிடுகின்றன; ஒற்றை இலக்கங்களுக்கானவை இரட்டை எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தவை.

5. நான்காம் இடமும் எட்டாம் இடமும்

நான்காம் முன்துண்டில் கடைசி இரண்டு இலக்கங்கள் 4 ஆல் வகுபட வேண்டும். அவை மூன்றாம் இடமும் நான்காம் இடமும். மூன்றாம் இடம் ஒற்றை என்பது முன்பே தெரியும். ஒற்றை இலக்கம் பத்தின் இடத்தில் நின்றால் அந்தப் பத்துகளை 4 ஆல் வகுக்கும்போது எப்போதும் 2 மீதி நிற்கும்; அந்த மீதியைச் சரிசெய்ய அடுத்த இலக்கமும் 2 மீதி தருவதாக இருக்க வேண்டும். அத்தகைய இரட்டை இலக்கங்கள் 2, 6 மட்டுமே.

நான்காம் இடத்தில் 4 அல்லது 8 வைக்கப் பலர் விரும்புகிறார்கள். 4 ஆல் வகுபடும் இலக்கங்கள் என்பதால் அவை பொருத்தமாகத் தோன்றுகின்றன. 14, 34, 74, 94 என்று எழுதி வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; பிறகு 18, 38, 78, 98. எதுவும் வகுபடாது. 12, 32, 72, 92 என்றும் 16, 36, 76, 96 என்றும் எழுதினால் எல்லாமே வகுபடும்.

எட்டாம் முன்துண்டுக்குக் கடைசி மூன்று இலக்கங்களைப் பார்க்க வேண்டும். அவற்றில் முதலாவது, அதாவது ஆறாம் இடம், இரட்டை. இரட்டை இலக்கத்தை நூறால் பெருக்கினால் அது 200 இன் மடங்கு. 200 என்பது 8 ஆல் வகுபடும். ஆகவே ஆறாம் இடத்தை விட்டுவிட்டு ஏழாம், எட்டாம் இடங்கள் சேர்ந்த ஈரிலக்க எண்ணை மட்டும் 8 ஆல் வகுத்துப் பார்த்தால் போதும். முதல் இலக்கம் 1, 3, 7, 9 இல் ஒன்றாகவும் இரண்டாவது இரட்டையாகவும் உள்ள 8 இன் மடங்குகள் நான்கு: 16, 32, 72, 96. இந்த நான்கையும் ஓரத்தில் எழுதி வட்டமிடவும். திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

எட்டாம் இடத்திலும் 2 அல்லது 6 தான் வருகிறது. ஆக 2, 6 இரண்டும் நான்காம், எட்டாம் இடங்களைப் பிடித்துக்கொள்ள, 4, 8 இரண்டும் இரண்டாம், ஆறாம் இடங்களுக்குப் போகின்றன.

6. மூன்று மூன்றாக வெட்டுதல்

முதல் மூன்று இலக்கங்களின் கூடுதல் 3 ஆல் வகுபட வேண்டும். ஆறாம் முன்துண்டு 6 ஆல் வகுபட வேண்டும் என்பதால் முதல் ஆறு இலக்கங்களின் கூடுதலும் 3 ஆல் வகுபட வேண்டும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், நான்காம், ஐந்தாம், ஆறாம் இடங்களின் கூடுதல் தனியாகவே 3 ஆல் வகுபட்டாக வேண்டும் என்பது கிடைக்கிறது. நடுவில் 5 இருப்பது உறுதி.

நான்காம் இடம் 2 ஆனால், 2 உம் 5 உம் சேர்ந்து 7. ஆறாம் இடத்தில் 4 வைத்தால் 11, 8 வைத்தால் 15. எனவே 258. நான்காம் இடம் 6 ஆனால், 6 உம் 5 உம் சேர்ந்து 11. 4 வைத்தால் 15, 8 வைத்தால் 19. எனவே 654.

காற்புள்ளியின் குழப்பம் இங்கேதான் வருகிறது. நம் வழக்கப்படி 38,16,54,729 என்று பிரித்து எழுதியவர்கள் 16, 54 ஆகியவற்றின் கூடுதலைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். இந்தப் படிக்கு வெட்டு 381, 654, 729 என்றுதான் விழ வேண்டும். மூன்றாம் கட்டத்துக்கும் ஆறாம் கட்டத்துக்கும் பிறகு தடித்த கோடு ஒன்று போட்டுவிட்டால் இந்தத் தவறு நேராது.

நான்காம் இடம் முடிவானால் எல்லா இரட்டை இலக்கங்களும் முடிவாகிவிடுகின்றன. நமக்கு இரண்டே சட்டங்கள் கிடைக்கின்றன:

முதல் சட்டம்: _ 4 _ 2 5 8 _ 6 _
இரண்டாம் சட்டம்: _ 8 _ 6 5 4 _ 2 _

ஒவ்வொன்றிலும் ஒற்றை இலக்கங்களுக்கு 24 வரிசைகள், மொத்தம் 48.

7. முதல் சட்டத்தை நிரப்புதல்

முதல் மூன்று இடங்களின் நடுவில் 4 இருக்கிறது. கூடுதல் 3 ஆல் வகுபட, இரு புறமும் உள்ள இலக்கங்களின் கூடுதலை 3 ஆல் வகுத்தால் மீதி 2 வர வேண்டும். 1, 7 ஆகியவை மீதி 1 தருபவை. 3, 9 ஆகியவை மீதியின்றி வகுபடுபவை. மீதி 2 வேண்டுமானால் 1, 7 இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

எட்டாம் இடத்தில் 6 இருப்பதால், ஓரத்தில் வட்டமிட்ட நான்கில் 16, 96 இரண்டே பொருந்துபவை. 1 ஐ முன்பே பயன்படுத்திவிட்டோம். எனவே ஏழாம் இடத்தில் 9, கடைசியில் 3. 147258963, 741258963 ஆகிய இரண்டே மிஞ்சுகின்றன.

8. இரண்டாம் சட்டத்தை நிரப்புதல்

இங்கே நடுவில் 8. இரு புறமும் உள்ள இலக்கங்களின் கூடுதல் 3 ஆல் வகுக்கும்போது மீதி 1 தர வேண்டும். ஆகவே 1, 7 இல் ஒன்றும் 3, 9 இல் ஒன்றும் வர வேண்டும். எட்டாம் இடத்தில் 2 இருப்பதால் ஏழாம் இடம் 3 அல்லது 7.

ஏழாம் இடம் 3 என்றால் 9 கட்டாயமாக முதல் மூன்றுக்குள் வந்தாக வேண்டும்; அதற்குத் துணை 1 அல்லது 7. முன்பின் மாற்றியும் எழுதினால் 189654327, 981654327, 789654321, 987654321 என்று நான்கு எண்கள். ஏழாம் இடம் 7 என்றால் 1 கட்டாயம். அதற்குத் துணை 3 அல்லது 9. இங்கே 183654729, 381654729, 189654723, 981654723 என்று நான்கு.

இந்தப் படியில் ஆறு எண்களோடு நின்றுவிடுகிறவர்கள் உண்டு. முதல் இடத்தையும் மூன்றாம் இடத்தையும் மாற்றிப் போட்டால் கூடுதல் மாறாது என்பதால், கிடைக்கும் ஒவ்வோர் இணைக்கும் இரண்டு எண்கள் எழுத வேண்டும். இரு சட்டங்களையும் சேர்த்துப் பட்டியலில் பத்து இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே மேலே செல்லவும். குறைந்தால் தொலைந்தது விடையாகவே இருக்கக்கூடும்.

9. ஏழின் சல்லடை

ஏழைக் கடைசிவரை தள்ளி வைத்ததற்குக் காரணம் எளிது. அதுதான் அதிக நேரம் கேட்கும் சோதனை. 576 எண்களுக்குச் செய்வதைவிடப் பத்துக்குச் செய்வது நல்லது.

நேரடியாக வகுத்தும் பார்க்கலாம். ஆனால் ஆறு இலக்க எண்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. 1001 என்பது 7, 11, 13 ஆகிய மூன்றின் பெருக்கல். 381654 என்பதை 381 ஆயிரமும் 654 உம் என்று எழுதலாம். அதையே 381 × 1001 உடன் 273 ஐக் கூட்டியது என்றும் எழுதலாம். முதல் பகுதி 7 ஆல் வகுபடும் என்பதால், 654 இலிருந்து 381 ஐக் கழித்து வரும் 273 இன் மீதியைப் பார்த்தால் போதும். கழிக்க முடியாதபடி இரண்டாவது சிறியதாக இருந்தால் அதனுடன் 700 ஐச் சேர்த்துக்கொள்ளவும். 700 ஏழின் மடங்கு என்பதால் மீதி மாறாது. குறை எண்களில் மீதி காண்பது இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கடினம் என்பதாலேயே இந்த 700.

பிறகு, வந்த மீதியின் பக்கத்தில் ஏழாம் இலக்கத்தை எழுதி மீண்டும் 7 ஆல் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 1836547: 654 இலிருந்து 183 போக 471, அதன் மீதி 2, பக்கத்தில் 7 எழுதினால் 27, மீதி 6. பத்து எண்களுக்கும் கடைசி மீதிகள் வருமாறு:

1472589: மீதி 6
7412589: மீதி 2
1896543: மீதி 5
9816543: மீதி 2
7896543: மீதி 4
9876543: மீதி 5
1836547: மீதி 6
3816547: மீதி 0
1896547: மீதி 2
9816547: மீதி 6

ஒன்றே ஒன்றுதான் மீதியின்றி நிற்கிறது.

இந்தப் பட்டியலில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது 741258. இந்த ஆறு இலக்க எண் 7 ஆல் சரியாக வகுபடுகிறது; 700 சேர்த்துக் கழித்தால் 217 வரும், அது 31 ஏழுகள். உடனே கிடைத்துவிட்டது என்று எழுந்துவிடுகிறார்கள். ஏழால் வகுபட வேண்டியது ஏழாம் முன்துண்டு. ஏழாம் இலக்கமான 9 ஐச் சேர்த்ததும் மீதி 2 வந்துவிடுகிறது.

இரண்டாவது 183654729. இதில் ஒற்றை இடங்களை மட்டும் வாசித்தால் 1, 3, 5, 7, 9 என்று ஏறுவரிசை. இரட்டை இடங்களை வாசித்தால் 8, 6, 4, 2 என்று இறங்குவரிசை. இவ்வளவு ஒழுங்காக இருக்கும் எண் விடையாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பி, வகுக்காமலேயே வட்டமிடுகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். உண்மையான விடையில் முதலிலுள்ள 1 உம் 3 உம் இடம் மாறியிருக்கின்றன. இரட்டை இலக்கங்கள் அதே 8, 6, 4, 2 வரிசையில் இறங்குகின்றன. அந்த ஓர் இடமாற்றம்தான் மீதி 6 ஐ 0 ஆக்குகிறது.

10. விடையைச் சரிபார்த்தல்

இப்போது கணிப்பானைத் திறக்கலாம். ஒவ்வொரு முன்துண்டின் ஈவையும் தாளில் எழுதி வைப்பது நல்லது. சரியாக இருக்கிறது என்ற சொல்லைவிட ஈவு நம்பகமானது.

38 ÷ 2 = 19
381 ÷ 3 = 127
3816 ÷ 4 = 954
38165 ÷ 5 = 7633
381654 ÷ 6 = 63609
3816547 ÷ 7 = 545221
38165472 ÷ 8 = 4770684
381654729 ÷ 9 = 42406081

கடைசி வரி தானாகவே அமையும் என்பதைக் கவனிக்கவும். 1 முதல் 9 வரை கூட்டினால் 45. அது 9 ஆல் வகுபடுவதால் எந்த வரிசையிலும் அந்த நிபந்தனை நிறைவேறிவிடும். அதனால்தான் தேடலில் 9 ஐ ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை. மூன்று மூன்றாக வெட்டிய 381, 654, 729 ஆகியவற்றின் இலக்கக் கூடுதல்கள் 12, 15, 18 என்று மூன்று மூன்றாக ஏறுகின்றன. இது நாம் தேடாமல் கிடைத்தது.

விடையின் வலப்பக்கத்தில் 0 சேர்த்தால் 3816547290. பத்து இலக்கங்களும் ஒவ்வொரு முறை வந்து, பத்தாம் முன்துண்டு 10 ஆலும் வகுபடும்.

11. பத்தைத் தாண்டிச் செல்லும்போது

இலக்கங்கள் திரும்ப வரக் கூடாது என்ற கட்டுப்பாட்டை விட்டுவிட்டு, முன்துண்டு நிபந்தனையை மட்டும் வைத்துக்கொண்டால் எவ்வளவு நீளம் போகலாம்? இதற்குத் தனித் தயாரிப்பு தேவையில்லை. ஆனால் விதிமுறை மாறிவிட்டதைத் தாளின் மேலே எழுதிக்கொள்ளவும்.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் அதன் எண்ணைக் குறித்த பலகை நிற்கிறது. ஒரு முறை பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துச் சென்றபோது, ஒவ்வொரு வளைவிலும் ஓர் இலக்கம் சேர்க்க வேண்டும், அந்த வளைவின் எண்ணால் முழு எண்ணும் வகுபட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். எப்போதும் மிகச் சிறிய இலக்கத்தையே தேர்ந்தெடுத்த ஒரு சிறுமியின் தாளில் 1, 10, 102, 1020, 10200, 102000, 1020005 என்று வரிசை வளர்ந்து, பதினோராம் வளைவில் 10200056405 ஆனது. பன்னிரண்டாம் வளைவில் அவள் பென்சில் நின்றுவிட்டது.

தவறு எங்கும் இல்லை. 12 ஆல் வகுபட வேண்டுமானால் 3, 4 இரண்டாலும் வகுபட வேண்டும். கடைசி இலக்கம் 5 ஆக இருப்பதால் 4 க்காக அடுத்து 2 அல்லது 6 வேண்டும். இதுவரையுள்ள கூடுதல் 23 என்பதால் 3 க்காக அடுத்து 1, 4, 7 இல் ஒன்று வேண்டும். இரண்டு பட்டியலுக்கும் பொதுவான இலக்கம் இல்லை.

பத்து வரை யாரும் சிக்கிக்கொள்ளாததற்குக் காரணம் இருக்கிறது. ஓர் எண்ணின் வலப்பக்கத்தில் 0 முதல் 9 வரை வைத்தால் அடுத்தடுத்த பத்து எண்கள் கிடைக்கும்; அவற்றுள் 10 அல்லது அதற்குக் குறைந்த எந்த எண்ணின் மடங்கும் ஒன்றாவது இருந்தே தீரும். 11 லிருந்து அந்த உறுதி இல்லை. இத்தகைய எண்கள் ஒன்பது இலக்கங்களில் 2492. பத்து இலக்கங்களிலும் அதே 2492, ஏனெனில் பத்தாவதாக 0 ஐ மட்டுமே சேர்க்க முடியும். பதினொன்றில் 2225 ஆகக் குறைகிறது. இருபதில் 44. இருபத்தைந்தில் ஒன்றே ஒன்று. ஓரிலக்க எண்கள் முதல் கூட்டினால் எல்லாமாக 20,456 எண்கள்.

12. இருபத்தைந்து இலக்க எண்ணைச் சோதித்தல்

அந்த ஒன்று: 3608528850368400786036725. இதைக் கையால் தேடிக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். கிளைகள் ஆயிரக்கணக்கில் விரியும். சோதிப்பது கையால் முடியக்கூடியது, ஒரு மாலைப் பொழுது போதும்.

வகுக்கும் எண்ணைப் பொதுக் காரணி இல்லாத இரண்டாகப் பிரித்துக்கொள்ளவும்: 12 க்கு 3, 4, 18 க்கு 2, 9, 24 க்கு 3, 8. பதினெட்டை 3, 6 என்றும் பன்னிரண்டை 2, 6 என்றும் பிரிப்பதுதான் இங்கே அதிகம் பார்க்கும் பிழை. 2, 6 இரண்டாலும் வகுபடும் 18 ஐ 12 ஆல் வகுக்க முடியாது என்பதைக் காட்டினால் திருத்திக்கொள்வார்கள். 16 க்குக் கடைசி நான்கு இலக்கங்கள் போதும். 25 க்குக் கடைசி இரண்டு.

17, 19, 23 போன்ற பகா எண்களுக்கு மீதியைச் சுமந்து செல்லும் முறை ஏற்றது. பதினேழாம் முன்துண்டு 36085288503684007. முதலில் 36 ஐ 17 ஆல் வகுத்தால் மீதி 2. அதன் பக்கத்தில் அடுத்த இலக்கத்தை எழுதி மீண்டும் மீதி காண வேண்டும்: 20 க்கு 3, 38 க்கு 4, 45 க்கு 11, 112 க்கு 10, 108 க்கு 6, 68 க்கு 0, 5 க்கு 5, 50 க்கு 16, 163 க்கு 10, 106 க்கு 4, 48 க்கு 14, 144 க்கு 8, 80 க்கு 12, 120 க்கு 1, கடைசியாக 17 க்கு 0. மீதியை மட்டும் அடுத்த வரிக்கு எடுத்துச் செல்லவும். ஈவை எழுதத் தொடங்கினால் இடையில் ஓர் இலக்கம் விடுபட்டுவிடுகிறது.

இருபத்தாறாம் இலக்கம் ஏன் இல்லை என்பதையும் இதே தாளில் காணலாம். 1001 என்பது 13 ஆலும் வகுபடுவதால், வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்றாக வெட்டி மாறி மாறிக் கழித்துக் கூட்டவும்: 725 − 36 + 786 − 400 + 368 − 850 + 528 − 608 + 3. விடை 516; 13 ஆல் வகுத்தால் மீதி 9. எண்ணின் வலப்பக்கத்தில் 0 வைத்தால் மீதி 9 என்பது 90 ஆகி, 13 ஆல் வகுக்க மீதி 12 நிற்கும். 13 இன் மடங்காக்க இன்னும் 1 சேர்த்தால் போதும். ஆனால் அப்போது எண் ஒற்றையாகிவிடுவதால் 26 ஆல் வகுபடாது. இரட்டையாகவும் இருக்க வேண்டுமானால் சேர்க்க வேண்டியது 14. அதை ஒரு கட்டத்துக்குள் எழுத முடியாது.